சாயக் கூடாத இருக்கை

புறப்படுவதற்கு முன் என் தங்கை எனக்கு ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தாள். பின்னாலிருந்து இருக்கை இடுக்கு வழியே கையை நீட்டி, "இந்தாக்கா, காது அடைக்கும்" என்றாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் ஒரே விமான நிறுவனத்தில், ஒரே அறையில் வேலை செய்தோம். நடுவே ஒற்றை நடைபாதை, இருபுறமும் மும்மூன்று இருக்கை. அதற்குள் எத்தனை வரிசை போடலாம் என்று வரைவது அவள் வேலை. சரிபார்ப்பது என் வேலை. முப்பதுக்கு மேல் முடியாது என்று பல வருடம் சொல்லிவந்தவள் நான். அவள் வந்த மறுவருடமே, முதுகு மெலிந்த இருக்கைகளைத் தேடிப் பிடித்து, கழிப்பறையை ஒடுக்கி, இன்னொரு வரிசையைப் புகுத்திவிட்டாள்.

"உங்க அக்காவுக்கு இது தோணவே இல்லையாம்மா?" என்று மேலாளர் எல்லார் முன்னும் கேட்டார்.

"அக்காவுக்குத் தாராள மனசு சார். எல்லாரும் படுத்துட்டே போகணும்னு நெனைப்பா."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். துறைத்தலைமைக்கு அவள் பெயர் அடிபடத் தொடங்கியது அன்றுதான்.

அவள் படத்தில் ஒரு பிழை இருந்தது. இறக்கைமேல் உள்ள அவசரக் கதவை உள்ளே இழுத்துத்தான் வெளியே தள்ள வேண்டும். அதனால் அதற்கு முன்வரிசை இருக்கைகள் சாயாதபடி ஆணி போட்டுப் பூட்டுவோம். அதைக் குறிக்க மறந்திருந்தாள். பார்த்தேன். 'சரி' என்று கையெழுத்திட்டேன். மேலாளர் கண்முன் அது வெளிப்படட்டும் என்றுதான்.

முதல் பயணத்தில் மூவரும் போனோம். அவள் அவசரக் கதவோரம், நான் அவளுக்கு நேர்முன்னால், மேலாளர் நடைபாதைக்கு அந்தப் பக்கம். பணிப்பெண் சரிபார்த்துவிட்டுப் போனதும் பொத்தானை அழுத்திச் சாய்ந்தேன்.

"அக்கா, இது சாயுதே" என்றாள் மெதுவாக. "நீ பாக்கலையா?"

"பாத்தேன்."



ஓடத் தொடங்கிய விமானம் நின்றது. வலப்புறம் தீ; உள்ளே புகை. எங்கள் பக்கக் கதவை அவள் இழுத்தாள். அது என் இருக்கை முதுகில் முட்டி நின்றது.

"அக்கா, சீட்டை நிமித்து." மூன்று முறை சொன்னாள். கத்தவில்லை.

என் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அப்போது மேலாளர், "நீ இழும்மா, உன்னால முடியும்" என்றார். அந்தப் புகையிலும் அவளிடம்தான் சொன்னார். நான் விரலை எடுத்துவிட்டு எழுந்து, முன்வாசல் வழியாக இறங்கினேன்.

ஒன்பது பேர் இறந்தார்கள். அவளும் ஒருத்தி.

உங்கள் விசாரணை அறிக்கை, பிழை அவளுடையது என்கிறது. அது உண்மைதான், அதை மாற்ற வேண்டாம். இருக்கையை நிமிர்த்த எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று எழுதியிருப்பதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அவகாசம் இருந்தது.

துறைத்தலைமை இப்போது என்னிடம் இருக்கிறது. இனி ஒப்பிட்டுப் பார்க்க யாருமில்லை என்று நிம்மதியாகத்தான் வேலை செய்கிறேன். புதுப் படம் எது வந்தாலும் மேலாளர் அதை என் மேசையில் விரித்துவைத்து, "உங்க தங்கச்சி இருந்தா எப்படி வரைஞ்சிருப்பா?" என்று கேட்கிறார்.