ஹாட் டப்பில் சீயக்காய்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சனிக்கிழமைன்னா கொடைக்கானல்லயும் எண்ணெ தேய்ச்சுக்கணுமாங்க?" என்றாள் அவள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அங்க நாம தங்குன வாடகை வீட்டுல தொட்டி நிறைய சுடுதண்ணி. விட மனசு வரல."

"அது ஹாட் டப்புங்க. சும்மா உட்கார்ந்து எந்திரிக்கறதுக்கு. குளிச்சுட்டுத்தான் எறங்கணும்னு சுவத்துல தமிழ்லயே எழுதியிருந்துச்சே."

"படிச்சேன். குளிக்கத்தானே போறோம், அதுக்கு எதுக்கு ஒரு தடவை குளிக்கணும்னு நெனச்சேன்."

"எண்ணெயும் சீயக்காயும் போய் மோட்டார் அடைச்சுக்கிச்சு. அந்த வீட்டைப் பாத்துக்கறவரு வந்து கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"முன்னாடி தங்குனவங்க வேலையா இருக்கும்னு சொன்னேன்."

"அப்ப பாத்துக்கறவரு தொட்டியைச் சரியா கழுவலைன்னுதானே வீட்டு ஓனர் நெனப்பாரு?"

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"என் காதோரம் சீயக்காய் அப்பியிருந்துச்சு. அவரு அதைப் பார்த்தாரு. 'சரிங்க சார்'னு மட்டும் சொல்லிட்டு, தொட்டிக்குள்ள எறங்கித் தேய்க்க ஆரம்பிச்சுட்டாரு."