நான்கு வினாடிச் சிரிப்பு

ஸ்டேஷன் நாற்காலி என்றாலும் பரவாயில்லை சார், இடுப்புக்கு இதமாகத்தான் இருக்கிறது. எடிட்டிங் வேலையில் பதினாறு வருடம் உட்கார்ந்தவனுக்கு முதலில் போவது இடுப்பு, கண்ணெல்லாம் அப்புறம்தான். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

டி.வி.யில் ‘வீட்டில் யார் ராஜா?’ என்று வாராவாரம் வருமே, கணவன் மனைவி ஜோடியாக வந்து உட்காருவார்கள், அதை வெட்டி ஒட்டுகிறவன் நான். அதில் ஆண் என்றால் மீசையை முறுக்க வேண்டும், இல்லையென்றால் மண்டையில் குட்டு வாங்க வேண்டும். இரண்டிலும் சேராமல் ஒருத்தன் வந்து உட்கார்ந்தால் ஜனம் சேனலை மாற்றிவிடும். இதை நானா கண்டுபிடித்தேன்?

ஒரு வாரம், வர வேண்டிய ஜோடி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. என் தங்கையையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டேன். தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை லேத் பட்டறையில் இருந்தவர். பட்டறையை மூடியதும் வீட்டோடு இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். வேண்டாவெறுப்பாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டார். “உங்க மாப்பிள்ளை என்ன பண்றாரு?” என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

“மச்சான், எனக்கு மேடையில எல்லாம் பேச வராதே” என்றார்.

“வீட்ல பேசுற மாதிரி பேசுங்க மாப்ள, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றேன்.

நன்றாகவே பேசினார். “பாப்பாவுக்கு உடம்பு நெருப்பா கொதிச்சுது. இவ டியூட்டில இருந்தா. ஈரத்துணி போட்டுக்கிட்டே மடியில வச்சிருந்தேன். மூணாவது நாள் கண்ணத் திறந்து, என்னைப் பாத்து ‘அம்மா’ன்னு கூப்பிட்டுச்சுங்க.” அதோடு குரல் உடைந்து அழுதுவிட்டார். தங்கை அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவளும் அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

அவர் அழுகையை நான் வெட்டவில்லை. தங்கையின் அழுகையை மட்டும் வெட்டிவிட்டேன். மைக் மாட்டும்போது மேக்கப்காரர் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேமராவில் இருந்தது. நான்கு வினாடி. அதை அவர் அழுகைக்கு அடுத்து வைத்தேன். வேறொரு வாரத்துக் கூட்டத்தின் சிரிப்பொலியைச் சேர்த்தேன். எங்கள் வேலையில் இது அன்றாடம் நடப்பது. நாலு பேர் சிரித்தால் ரோஷம் வந்து வேலைக்குப் போவார், தங்கை கொஞ்சம் மூச்சு விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

ஒளிபரப்பான மறுநாளே தெருவில் அவருக்கு ‘அம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பால் வாங்கப் போனால், “ஏய், அம்மா வந்தாச்சு, வழி விடு.” அதைக்கூடத் தாங்கிக்கொண்டார் பாவம். பெண்டாட்டி சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை. சிரிக்கவே இல்லை என்று அவள் குழந்தை மேல் சத்தியம் செய்திருக்கிறாள். கடைசியில் என்னிடம் வந்தார்.

“மச்சான், நீங்கதான வெட்டுனீங்க? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அழுதப்ப அவ சிரிச்சாளா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தங்கை என் முகத்தில் விழிப்பாளா என்று யோசனை ஓடியது.

“அதான் டி.வி.யிலயே பாத்தீங்களே மாப்ள” என்றேன்.

சரி என்று தலையாட்டினார். வலது செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

நாலாம் நாள் உயிரை மாய்த்துக்கொண்டார். போன் வந்ததும் நான் முதலில் ஆபீசுக்குப் போய், அவர்கள் பேசிய பதிவு முழுவதையும் அழித்தேன். துக்க வீட்டுக்குப் போகக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை சார், ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மேக்கப்காரர் உங்களிடம் வந்து சொல்லியிருக்காவிட்டால் இதெல்லாம் என்னோடு போயிருக்கும்.

துக்க வீட்டில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அண்ணா, எனக்கு அழுத ஞாபகந்தான் இருக்கு. நான் எப்பண்ணா சிரிச்சேன்?”

அந்த நிலையில் இருப்பவளிடம் உண்மையைச் சொல்லி இன்னும் நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை. கூடப்பிறந்தவன் இல்லையா? தலையைத் தடவிக்கொடுத்து, “உன்னையறியாம சிரிச்சிருப்ப, விடு” என்று ஆறுதல் சொன்னேன்.