மந்திரியிடம் அம்மா சொன்னது

சித்தேரியிலிருந்து அரூருக்கு இறங்கும் காலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் செல்போனைக் காட்டிச் சொன்னாள்: "எங்கம்மா மந்திரிகிட்ட என்ன பேசுச்சுன்னு நேத்துதான் தெரிஞ்சுது. அது செத்தே ஒம்பது வருசமாச்சு."

நானும் எட்டிப் பார்த்தேன். பழைய அரசாங்கச் செய்திப்படம். கறுப்பு வெள்ளையில், மாலை போட்ட ஒரு மந்திரி. அவர் முன்னால் கைகூப்பி ஏதோ சொல்லும் இளம்பெண். அவள் குரல் கேட்கவில்லை. பேண்டு வாத்தியமும், மலை மக்கள் மகிழ்ச்சியில் திளைக்கிறார்கள் என்று முழங்கும் ஓர் ஆண்குரலும்தான் கேட்டன.

"பேச்சே கேக்கலயே, எப்பிடிக்கா தெரிஞ்சுது?"

"எங்க நாத்தனாருக்குக் காது கேக்காதில்ல, வாயசையறத வெச்சே புரிஞ்சிக்குவா. நாலு தடவ போட்டுப் பாத்தா. சொல்றதுக்கே ரொம்ப யோசிச்சா."

"அம்மா உங்ககிட்டச் சொன்னதே இல்லீங்களா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி இந்தப் படத்தச் சினிமாக் கொட்டாயில காட்டுனாங்களாம், ஊரே எறங்கிப் போய்ப் பாத்துச்சாம். என்னம்மா பேசுனன்னு கேட்டா, 'கும்புடறேன் சாமின்னேன்'னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிரும்."

"நெசமா என்ன சொல்லுச்சாம்?"

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. மூத்தவள், அம்மா வாய் திறந்திருந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

"ரோடு போடுங்க சாமி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு எறங்கறப்பவே எம்பொண்ணு செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்குது."

"எந்தப் பொண்ணுக்கா? நீங்கதான மூத்தவங்க?"

"நானும் அப்பிடித்தான் நெனச்சிட்டிருந்தேன்."