புதுசா இருக்கக் கூடாத விமானம்

—நீங்க அனுப்புன போட்டோ பத்தாது மச்சான். வயித்துப் பக்கம் ஒண்ணுகூட இல்ல.

—வயித்துப் பக்கமா? அல்ஷிஃபா, நான் ஷார்ஜா ஏர்போர்ட்டுல பெட்டி ஏத்துற ஆளு. ஃப்ளைட்டுக்கு அடியில படுத்து போட்டோ எடுத்தா, மன்சூருக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு சூப்பர்வைசர் என்னையும் பெட்டியோட சேத்து ஏத்தி விட்டுருவாரு.

—விடட்டுமே. திருச்சிக்குத்தானே வருது அது. நான் போய் எறக்கிக்கிறேன்.

—பேச்சப் பாரு. நீ வரையிறது கம்ப்யூட்டர்ல ஓட்டுற விளையாட்டு விமானம் புள்ள. அதோட அடிவயித்த யாரு குனிஞ்சு பாக்கப் போறா?

—பாப்பாங்க. எந்தெந்த நாட்டுலேர்ந்தோ நான் பெயின்ட் பண்ணுன விமானத்த எடுத்து ஓட்டுறாங்க. போன தடவ ஒருத்தர் எழுதியிருந்தாரு, நெசமான விமானம் இவ்வளவு புதுசா இருக்காது, இது பொம்மைன்னு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

—அட போ புள்ள! சரி, கேளு. எஞ்சினுக்குப் பின்னாடி கரி படிஞ்சிருக்கும், நம்ம பிரியாணி தேக்சா அடியாட்டம். பெட்டி ஏத்துற கதவுகிட்ட உரசி உரசி பெயின்ட் போயிருச்சு. ஒட்டுப் போட்டிருக்காங்க.

—ஒட்டு என்ன கலரு?

—வெள்ளைதான்.

—வெள்ளையில எத்தன இருக்கு! பால் வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா?

—இரு... நிக்காஹ் அன்னிக்கு நான் போட்டிருந்த சட்டை இருக்குல்ல? இப்ப அது எப்படி இருக்கு?

—பீரோவுலதான் இருக்கு. லேசா மஞ்சப் பூத்திருக்கு.

—அதான். அந்த வெள்ளை.

—வச்சுப் பாக்குறேன்... ஆங், உக்காந்துருச்சு மச்சான். அப்படியே உக்காந்துருச்சு! கதவுக்குக் கீழ எண்ணெ வழிஞ்ச கறை ஏதாச்சும்?

—கறை வரைக்கும் கேக்குற. நான் சாப்புட்டேனான்னு ஒரு வார்த்த கேட்டியா?

—அதக் கேட்டா அழுதுருவேன். கரி, ஒட்டு, கறைன்னு கேட்டாத்தான் கொரலு நிக்குது.

—ஏய்...

—அந்த விமானம் நம்ம காஜாமலைக்கு மேல தாழ வர்றப்பல்லாம் மொட்டை மாடிக்கு ஓடுறேன். ‘எம் மவன் ஜன்னல்ல தெரியுறானா’ன்னு மாமி சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். நீங்க தொட்டது என் தலைக்கு மேல போகுதுல்ல? அப்புறம் உள்ள வந்து, நான் வரைஞ்சத ஷார்ஜாவுலேர்ந்து கெளப்பி நம்மூர்ல எறக்குவேன். கதவுகூட தொறக்கும் மச்சான். யாரும் எறங்க மாட்டாங்க.

—போதும் புள்ள. நேர்ல வந்து சொல்லலாம்னு வச்சிருந்தேன், இனிமே மறைக்க முடியாது. நான் வேலைய விட்டுட்டேன்.

—என்னது?

—விசாவ கேன்சல் பண்ணியாச்சு. கல்யாணம் ஆகி நாம ஒண்ணா இருந்தது ரெண்டே ரெண்டு லீவு. அது ஒரு வாழ்க்கையா? நம்மூர் காந்தி மார்க்கெட்டுல மீரான் மாமா பழ மண்டிக்குக் கூப்புடுறாரு. வாழத்தார் தூக்குனாலும் ராத்திரி வீட்டுக்கு வந்துரலாம்ல? இன்ஷா அல்லாஹ், வர்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ அங்கதான்.

—நெசமாவே கேன்சல் பண்ணிட்டீங்களா?

—பண்ணியாச்சு புள்ள.

—இனிமே மாத்த முடியாதா?

—துள்ளிக் குதிப்பேன்னு பாத்தேன். அழுவுறியா என்ன? சந்தோஷம்தானே?

—சந்தோஷம்தான் மச்சான். உங்களுக்குத் தெரியாம நானும் ஒண்ணு பண்ணிட்டேன். கம்ப்யூட்டர் வச்சு விமானம் ஓட்டக் கத்துக் கொடுக்குற கம்பெனி ஒண்ணு, என் பெயின்ட்டப் பாத்துட்டு வேலைக்குக் கூப்புட்டுச்சு. விசாகூட வந்துருச்சு. மாமிகிட்ட மட்டும்தான் சொன்னேன்.

—விசாவா? எந்த ஊருக்குப் புள்ள?

—ஷார்ஜாவுக்கு. நீங்க அங்க இருக்கீங்கன்னுதான் கையெழுத்துப் போட்டேன்.