பந்தக்கால் நட்ட இடம்

குடியிருப்பவர்கள் குறை சொல்லும்படி நான் என்றைக்குமே வீட்டை வைத்துக்கொண்டதில்லை. சிராங்கூன் சாலையில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். கூரை ஒழுகினால் நானே ஏணி போட்டு ஏறுவேன். "எங்கட வீட்டுக்காரர் மாதிரி ஆள் கிடைக்காது" என்று யோகமே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

யோகம் பின்கட்டு அறையில் குடியிருந்தவள். யாழ்ப்பாணத்துப் பெண். கணவர் பேரின்பநாயகம் செம்பவாங் கப்பல் தளத்தில் கிளார்க். வாரம் முழுக்க அங்கேயே தங்கி, சனிக்கிழமைதான் வருவார்.

1958, ஆவணி மாதம். என் மகள் தங்கத்துக்கு வீட்டிலேயே கல்யாணம். அவளுக்கு முப்பது வயது. அதற்கு முன் இரண்டு இடம் நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. மூன்றாவதும் போனால் அவள் எதையாவது செய்துகொள்வாள் என்று பயந்தேன். அந்தப் பயத்தை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் முன்பு பின்முற்றத்தில் பந்தக்கால் நட்டோம். குழியை நான்தான் கடப்பாரையால் தோண்டினேன். இரண்டடி ஆழத்தில் இரும்பு தட்டியது. சீறுகிற சத்தம், பிறகு அந்த வாடை. கேஸ் குழாய் என்று உடனே தெரிந்தது. யோகத்தின் அறைக்கு அடியில்தான் அது அடுப்பங்கரைக்குப் போகிறது. மற்றவர்கள் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மூங்கிலை இறக்கி, பாலை ஊற்றி, மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டேன்.

கேஸ் ஆபீசுக்குச் சொல்லியிருக்கலாம். வந்தால் காலைப் பிடுங்கிவிட்டுத்தான் தோண்டுவார்கள். நட்ட பந்தக்காலைக் கல்யாணத்துக்கு முன் பிடுங்குவது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். சம்பந்தி வீட்டார் கேள்விப்பட்டால் அன்றைக்கே கல்யாணத்தை நிறுத்தியிருப்பார்கள்.

மறுநாள் யோகம் வந்தாள். "ஐயா, அறைக்குள்ள ஒரு மணம் வருது. தலையிடியா இருக்கு."

"சாக்கடை அடைச்சிருக்கும்மா. ஜன்னலைச் சாத்தி வை. கல்யாணம் முடியட்டும், நானே பாக்குறேன் லா."

"சரி ஐயா. நீங்க கலியாண வேலையைப் பாருங்கோ."

சாக்கடையில் இரண்டு வாளி பினாயில் ஊற்றினேன். அதற்கும் நன்றி சொன்னாள்.

கல்யாணத்தன்று காலையில் தலை சுற்றுகிறது என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் சத்தம் கேட்காது என்று நான்தான் சொன்னேன்.

முகூர்த்த நேரம் வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். அப்போது பின்கட்டுக் கதவை உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் பக்கத்தில் இல்லை, கீழே, தரையோடு. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு. தாலி கட்டும்போது கெட்ட சத்தம் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் வைத்திருக்கிறார்கள். ஐயர் சொல்லும் முன்பே நான் கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கினேன். மேளம் நின்றபோது தட்டலும் நின்றிருந்தது.

கடைசிப் பந்தி முடிந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். அவள் கை நிலைப்படியோடு கிடந்தது. பழைய குழாய், தானாக விரிசல் விட்டது என்று விசாரணையில் முடிவானது. பேரின்பநாயகம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஏழு வருடமாக நான் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. மேளம் ஓங்கும்போது அதற்கு அடியில் அந்தத் தட்டல் கேட்கிறது. பயமாக இருக்கிறது, ஐயா. அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தச் சத்தத்தை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. தங்கம் மணவறையில் தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நல்லபடியாகத்தான் நடந்தது.