ஏறும்போது மூச்சை விடணும்

இல்ல தம்பி, அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க எத்தன தரம் நீட்டுனாலும் இதான். பேப்பர மடக்கிப் பைக்குள்ள வைங்க, கடக்காத்து அடிச்சிக்கிட்டுப் போயிரும். உக்காருங்க. தூத்துக்குடியில வேம்பார் பஸ்ஸப் பிடிச்சி, கீழவைப்பார்ல எறங்கி, இந்த வெயில்ல நடந்து வந்திருக்கீய. காலேசு வாத்தியார் ஒருத்தர் எங்க வீட்டுக்கு வாரது இதான் முதத் தடவ. வாத்தியார் இல்லியா? பின்ன? பயிற்சியாளரு. என்ன பயிற்சி? மூச்சுப் பயிற்சி. சரி சரி.

சிரிக்கல தம்பி. என் மூஞ்சியே அப்பிடித்தான்.

பேரு என்ன சொன்னீய, சிவபாலனா? நான் ஜேசுபாதம், ஸ்டெபியோட அப்பன். அதுதான் உங்க பேப்பர்லயே இருக்கே. அவள டாக்டர்ட்ட காட்டணும், அதுக்கு அப்பன் சம்மதிக்கணும், புத்தி நல்லாத்தான் இருக்குன்னு டாக்டரு எழுதிக் குடுக்கணும். குடுத்தாத்தான் திங்கக்கெழம பரீட்சைக்குள்ள விடுவாக. இன்னைக்கு சனி. எவ்வளவு தாராளமா நேரம் குடுத்திருக்கீய, பாருங்க.

மனநல டாக்டரு. ஆமா, நீங்க அப்பிடிச் சொல்லுவீய. இந்த ஊருல அதுக்கு வேற பேரு. அவ ஒரு தரம் போயிட்டு வந்தா, சாமியாரு அவ கல்யாண ஓலை வாசிக்கிற அன்னைக்கு அந்தப் பேரு மாதா கோயில் வாசல்ல வந்து நிக்கும். நீங்க அதுக்குள்ள வேற காலேசுல போயி, வேற பிள்ளையளுக்கு மூச்சு விடச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருப்பீய.

இல்ல, தெரியாமத்தான் கேக்கேன். மூச்சுக்கு எதுக்கு ஒரு வகுப்பு? அவ வந்து சொன்னப்ப நான் நம்பவே இல்ல. ஏளா, மூச்சுக்குமா பாடம் வச்சிருக்கான்னேன். ஆமாப்பா, போகாட்டா அட்டெண்டன்ஸ் போயிரும்னா. நல்ல கதைலா இது! பிள்ளையளுக்கு மனசு சரியில்லன்னு நீங்களே சொல்லுதீய. பஸ்ஸு பிந்தி ரெண்டு நிமிசம் தாமதமாப் போனா கேட்டுல நிறுத்தி வைப்பீய. போன வாங்கிப் பூட்டி வைப்பீய. வயித்துவலின்னா அதுக்கு ஒரு லெட்டர் கேப்பீய. அம்புட்டும் செஞ்சிட்டு, சாயங்காலம் கூப்பிட்டுப் பாயில உக்கார வச்சி, இப்ப நல்லா இழுத்து விடு, மனசு லேசாவும். கழுத்தப் பிடிச்சவன் கைய எடுத்தாலே பாதி லேசாயிருமே தம்பி.

அதெல்லாம் நிர்வாகமா. ம். நீங்க மூச்சு மட்டும்.

தண்ணி குடிங்க. பானத் தண்ணிதான். பாட்டில் வச்சிருக்கீயளா, சரி.

அப்புறம் அந்தக் கடல் சத்தம். ஹாலு சன்னலையெல்லாம் அடச்சி, ஏசியப் போட்டு, ஸ்பீக்கர்ல அலைச் சத்தம் வச்சீயளாமே? தூத்துக்குடியில! சன்னலத் தொறந்தா ஓசியில கேக்குமே. அது எந்த ஊருக் கடலு? தெரியாதா? செல்லுல எறக்குனதா. நல்லாயிருக்கு.

இங்க பாருங்க, நடந்தத நடந்தபடி பேசுவோம். ஸ்டெபி மூணு அடி அடிச்சதாப் பிரின்சிபால் எழுதியிருக்காக. மூணு இல்ல. ஒண்ணு. நெஞ்சுலயும் இல்ல, முதுகுல. அடி வாங்குன முருகேஸ்வரியே எனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா. அந்தப் பிள்ள போன வாரம் இங்கன வந்து, சீலா மீன் குழம்ப ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னுட்டுப் போச்சி. அதுக்குக் கோவம் இல்ல. பயந்துதான் போச்சாம். பக்கத்துல உக்காந்திருந்தவ திடீர்னு கண்ண முழிச்சி, முதுகுல ஒண்ணு போட்டு, விடு ஏளா, மூச்ச விடு, செத்துருவன்னு கத்துனா யாருதான் பயப்பட மாட்டா? கத்துனா. அத நான் இல்லன்னு சொல்லல. உங்க மைக்கையும் பிடுங்கி எறிஞ்சிருக்கா. அதையும் இல்லங்கல.

நீங்க அப்ப என்ன சொல்லிக்கிட்டு இருந்தீய? அத நீங்க யாருக்கும் எழுதிக் குடுக்கலயே. சொல்லுங்க, மைக்குல சொன்ன மாதிரியே. கூச்சமா இருக்கா? நான் சொல்லுதேன், எங்கிட்ட அவ அப்பிடியே சொல்லிட்டா. கண்ண மூடுங்க. நீங்க ஆழ்கடலுக்கு உள்ள போறீங்க. ஒரே அமைதி. மீனெல்லாம் உங்களச் சுத்திப் போவுது. இப்ப நல்லா மூச்ச இழுங்க. அப்பிடியே அடக்கிக்கிட்டு மெதுவா மேல வாங்க. விட்டுராதீங்க, அடக்குங்க, அடக்குங்க. இதான? எதுவும் மாறலயே?

தம்பிக்கு எந்த ஊரு? கோயம்புத்தூரா. அதான பாத்தேன்.

நாங்க எங்க பிள்ளையள காலேசுக்கு அனுப்புததே, எங்கள மாதிரி கடலுக்குள்ள போயி மூச்ச அடக்க வேண்டாம்னுதான். நீங்க அங்கனயும் உக்கார வச்சி அடக்கச் சொல்லுதீய.

கோவமா இல்ல. சொல்லுதேன், கேளுங்க. இது சங்கு குளிக்கவுக இருக்க ஊரு. எங்க அப்பா காலத்துல படகுல நின்னு ஒரு இழுப்பு இழுத்து, அதையே அடக்கிக்கிட்டுக் குதிப்பாக. கீழ சங்க எடுத்துக்கிட்டு மேல வந்துதான் விடுவாக. நாங்களும் சின்னதுல அப்பிடித்தான் படிச்சோம். இப்ப கம்பரசர் வந்துட்டு. படகுல மிசின் ஓடும், ஓஸ் வழியாக் காத்து கீழ வரும், வாயில கடிச்சிக்கிட்டு வேல செய்யலாம். அந்த ஓஸ மச்சான்தான் பிடிக்கணும், பொண்டாட்டி கூடப் பெறந்தவன். வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டோம். அவன்தான அக்கா தாலியறுக்க விட மாட்டான்.

அந்த ஆழத்துல மிசின் குடுக்க காத்து நெருக்கிப் பிடிச்ச காத்து. ஏற ஏற அது நெஞ்சுக்குள்ள பெருக்கும். அதனால விட்டுக்கிட்டே ஏறணும். அடக்கிக்கிட்டு ஏறுனா உள்ள கிழிஞ்சிரும். புதுசாக் குளிக்க வார பயலுக்கு வேற எது சொல்லாட்டாலும் அதச் சொல்லாம எறக்க மாட்டோம். ஏலே, ஏறும்போது விடு, விட்டுக்கிட்டே வா.

பாயில உக்காந்து அடக்குனா ஒண்ணும் ஆவாதா? எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனா கண்ண மூடச் சொன்னது யாரு? ஆழத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனது யாரு? அவ போயிட்டா. மத்த பிள்ளையெல்லாம் ராத்திரி விடுதியில என்ன சோறுன்னு யோசிச்சிக்கிட்டுப் பாயிலயே இருந்திருக்கும். உங்க வகுப்ப ஒழுங்காச் செஞ்சவ அவ ஒருத்திதான். அவளுக்குப் பைத்தியம்னு பேப்பர் கொண்டு வந்திருக்கீய.

அவ ஏன் இத அங்கனயே சொல்லலன்னு கேக்கீய. நல்ல கேள்வி. காலேசுல வச்ச விசாரணையில அம்புட்டுப் பேரு கேட்டும் அவ வாயத் தொறக்கல. தொறக்க மாட்டா. வீட்டுக்கு வெளிய அந்தப் பேச்சு போவக் கூடாதுன்னு அவகிட்ட மாதா மேல சத்தியம் வாங்கியிருக்கு.

வாங்குனது நான்தான்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் ஒம்பது பாகத்துல கெடந்தான். ஒரு பாகம்னா, இந்தா, ரெண்டு கையையும் விரிச்சா வார நீளம். மேல மிசின் பெல்ட்டு அறுந்துபோச்சி. வாயில காத்து வரல. மச்சான்காரன் ஓஸப் பிடிச்சி இழுக்கான். இவன் எத்தனையோ பயகளுக்கு விடு விடுன்னு சொல்லிக் குடுத்து, சொன்னத மறந்தவன மண்டையில குட்டுனவன். அந்த நேரத்துல சின்னதுல படிச்சதுதான் நின்னுச்சி. கை தானா மூக்கப் பிடிச்சிட்டு. வாய இறுக்கி மூடிக்கிட்டு ஏறிட்டான். படகுல தூக்கிப் போடும்போது வாயெல்லாம் ரெத்தம்.

பொழச்சானா? உங்க முன்னாலதான் உக்காந்திருக்கான்.

ஊருக்கு நெஞ்சுல சளின்னு சொல்லி வச்சிருக்கு. அதனால கடல விட்டுட்டேன்னு. பின்ன என்ன சொல்ல, நேத்து வந்த பய செய்யுதத நான் செஞ்சேன்னா? எனக்கும் என் மச்சான் கிளைட்டனுக்கும் வீட்டுல உள்ளவுகளுக்கும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு.

எந்திரிக்காதீய. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. இப்ப அவ ஒரு டப்பா கொண்டு வருவா. ஆசுபத்திரியில குடுத்தது, உள்ள மூணு பந்து இருக்கும். இழுத்தா பந்து ஏறணும். எனக்கு ரெண்டுதான் ஏறும். காலேசு போறதுக்கு முன்னால ஒரு தரம், வந்து ஒரு தரம், எதிர்ல உக்காந்து அவதான் சொல்லுவா. இழுங்கப்பா, போதும், அடக்காதீய, விடுங்க, விடுங்கன்னு. நான் விடுத வரைக்கும் அவளும் மூச்சு விட மாட்டா. அந்நேரம் மூச்ச விட அவளுக்குச் சொல்லிக் குடுக்கணும்னா குடுங்க, அது தேவைதான்.

வெளியாளு முன்னால நான் இழுத்ததில்ல. இன்னைக்கு இழுக்கேன். பாத்துட்டு, காலேசுல போயி நீங்க கையெழுத்துப் போடுங்க, அவ புத்தி எப்பிடி இருக்குன்னு.

ஏளா ஸ்டெபி, கொண்டா. சாரு இருக்கட்டும். பரவால்ல, கொண்டா.