எல்லாம் எடுத்தாச்சு

மழைக்காலத்தில் விமானம் அழுக்காகாது, மழையே கழுவிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் வேலை அதிகம். ஓடுபாதைச் சேறு விமானத்தின் வயிற்றில் அப்பிக்கொள்ளும். என்ஜின் கரி அதன்மேல் படிந்து பிசினாகிவிடும். இறக்கையின் முன்விளிம்பில் மோதிச் செத்த பூச்சிகளைச் சுரண்டவே கூடாது. ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்துத் துடைக்க வேண்டும். நான் அதைப் பொறுமையாகச் செய்வேன். விமானங்களை நிறுத்திவைக்கும் ஹேங்கரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நான் கழுவிய விமானத்தில் ஒரு திட்டு இருக்காது.

கழுவுவது என் வேலையாக இருந்ததில்லை. நான் பராமரிப்பு என்ஜினியர். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் கம்பெனி விமானம் தரையை விட்டுக் கிளம்பும். சாலை சரியில்லாத ஊர்களுக்கு ஆட்களையும் மருந்தையும் கொண்டுபோகிற சின்ன விமானங்கள். அவற்றில் ஒன்றை ஓட்டியவள் என் தங்கை.

அம்மா சீக்கிரமே போய்விட்டாள். தங்கைக்குத் தலை பின்னிவிட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டது எல்லாம் நான்தான். பறக்கும் ஆசை எங்கள் இருவருக்குமே இருந்தது. அவளுக்காக நான் விட்டுக்கொடுத்தேன். கண் பரிசோதனையில் அக்கா தேறவில்லை என்று அவள் சொல்லுவாள். அதுவும் ஒரு காரணம், அவ்வளவுதான். முதன்முதலாகத் தனியாகப் பறந்து இறங்கிய அன்று நேராக ஓடிவந்து, என் உடுப்பில் இருந்த கிரீஸைக்கூடப் பார்க்காமல் கட்டிக்கொண்டாள். அவளுடைய வெள்ளைச் சட்டை பாழாயிற்று. அதைத் துவைத்ததும் நான்தான்.

பிறகு அந்த விபத்து நடந்தது. பெரிய விபத்து ஒன்றுமில்லை. அவள் தரையிறங்கும்போது இடது சக்கரத்தின் பிரேக் பிடித்துக்கொண்டது. விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் பக்கத்து வடிகாலில் இறங்கிவிட்டது. பயணி ஒரு அம்மாளுக்குக் கை ஒடிந்தது. விசாரணை வைத்தார்கள். பிரேக்கில் முன்பே ஏதாவது கோளாறு தெரிந்ததா என்று அவளைக் கேட்டார்கள். நான் அதே அறையில், அவளுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"பிரேக் ஒரு பக்கமா இழுக்குதுன்னு அக்காகிட்ட முந்தின நாளே சொல்லியிருந்தேன்" என்றாள்.

அத்தனை அதிகாரிகள் இருந்த அறையில் அவள் என் பெயரைச் சொல்லவில்லை, பதவியையும் சொல்லவில்லை. அக்கா என்றாள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் முறை வந்தபோது, அப்படி எதுவும் எந்தப் பதிவேட்டிலும் புகாராகப் பதிவாகவில்லை என்று சொன்னேன். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போடும் அதிகாரம் போயிற்று.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நடந்ததைத்தானேக்கா சொன்னேன். கை ஒடிஞ்ச அந்தம்மா எதிர்லயே உட்கார்ந்திருந்தாங்க. அவங்க மூஞ்சியப் பாத்து நான் வேற என்ன சொல்ல?"

பிறகு, மேனேஜரிடம் பேசிவிட்டதாகவும், என்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்றும், கழுவும் பிரிவில் கொஞ்ச நாள் இருந்தால் பழையபடி சரியாகிவிடும் என்றும் சொன்னாள். முதுகில் குத்தியவளே மருந்தும் தடவினாள். நான் கோபப்படவில்லை. மோர் இருக்கிறதா என்று கேட்டேன். ஊற்றினாள், சாப்பிட்டேன்.

ஹேங்கரில் அதுவரை என்ஜினியர் மேடமாக இருந்தவள் வாளியக்கா ஆனேன். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். ஒருநாள் யாரோ, "வாளியக்கா வந்தா மழையே வேணாம்" என்றபோது தங்கையும் சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இனி நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் அந்த டேப் துண்டைப் பற்றிச் சொல்லுகிறேன். விமானத்தின் பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் அவற்றின் வழியாகப் போய்த்தான் உயரத்தையும் வேகத்தையும் காட்டும் முட்கள் நகரும். கழுவும்போது தண்ணீர் புகாமல் இருக்க அவற்றின்மேல் டேப் ஒட்டுவோம். முடிந்ததும் எடுத்துவிடுவோம். மறக்கக் கூடாது என்பதற்காகவே சிவப்பு டேப் வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும்.

பத்திரிகைகளில் மறதி என்று எழுதினார்கள். நான் மறக்கிறவள் இல்லை. எங்கள் விமானத்தின் உடம்பு வெள்ளை. நான் ஒட்டியது வெள்ளை டேப். ஓரம் தெரியாமல் விரலால் நன்றாக நீவி ஒட்டினேன். வெயில் நாளில் அதனால் பயனில்லை. வெளியே பார்த்தாலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். ஆகவே மேகம் தாழ்ந்து இறங்குகிற ஒரு காலைக்காகக் காத்திருந்தேன். மழைக்காலம்தானே, அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று தங்கையோடு துணை பைலட் ஒருவன் இருந்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவன் என்பதால் எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளை. பயணிகள் ஒரு பெரியவரும் அவருடைய மகளும். பெரியவர் கண் ஆபரேஷன் முடிந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டார். இடது பக்கம் என்றேன். அவருடைய ஜன்னலை மறுபடி ஒருமுறை துடைத்தும் கொடுத்தேன். மேகத்துக்குள் ஒன்றும் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் மூவர் மீதும் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்முன் பைலட் விமானத்தைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. அவளும் சுற்றி வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள், இறக்கையைத் தட்டிப் பார்த்தாள். வால் பக்கம் வந்தபோது நான் அந்தத் துளைகளுக்கு முன்னால் நின்று துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பக்கம் நீ பாத்துட்டியாக்கா?"

"பாத்துட்டேன்."

"அப்ப சரி. குளிருது, போய் ஒரு டீ குடி."

ஏறிப் போய்விட்டாள். விதிப்படி நடந்திருந்தால் என்னை நகரச் சொல்லியிருப்பாள். அதுவும் அவள் தவறுதான் என்பது என் கருத்து.

விமானிகளும் அவர்களுக்கு வழிகாட்டும் டவரும் பேசிக்கொள்வது ஹேங்கர் ரேடியோவில் கேட்கும். நான் டீயை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கிளம்பி மேகத்துக்குள் நுழைந்ததும் உயரம் காட்டவில்லை என்றாள். வேகமும் குறைந்துகொண்டே வருவதாகச் சொன்னாள். குரலில் பதற்றம் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். எதிரே குன்று இருக்கிறது, திரும்பு என்று டவரில் சொன்னார்கள். அவள் திரும்பினாள். அப்போது மாப்பிள்ளை நடுவில் ஏதோ சொல்ல, அவனை அடக்கிவிட்டு டவரிடம் ஒன்று கேட்டாள்.

"ஹேங்கர்ல எங்கக்கா இருப்பாங்க. கழுவும்போது ஒட்டின டேப்பெல்லாம் எடுத்தாச்சான்னு அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க."

புத்திசாலி. சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். டேப் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த முட்களை நம்பக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். என்ஜின் சத்தத்தையும் மற்ற கருவிகளையும் வைத்தே இறக்கிவிடக்கூடிய கைதான் அவளுக்கு. டேப் இல்லை என்றால் வேகம் நிஜமாகவே குறைகிறது என்றாகிவிடும். அப்போது விமானத்தின் மூக்கைத் தாழ்த்தித்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"எல்லாம் எடுத்தாச்சு" என்றேன். "நானே என் கையால எடுத்தேன்னு சொல்லுங்க."

அவர்கள் அப்படியே சொன்னார்கள். ரேடியோவில் கேட்டது. "அக்கா சொன்னாங்கன்னா சரி" என்றாள். மூக்கைத் தாழ்த்தினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. நான் ரேடியோவின் ஒலியைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

நான்கு பேரையும் குன்றின் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவந்தார்கள். தங்கையை அடையாளம் காட்டியது நான். சடங்குகளையும் குறைவில்லாமல் செய்தேன். இவ்வளவையும் யாரும் என்னை அடித்தோ மிரட்டியோ வாங்கவில்லை. நானாகத்தான் சொல்லுகிறேன்.

நீங்கள் நேற்றிலிருந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். பிரேக் இழுக்கிறது என்று அவள் முன்பே என்னிடம் சொன்னாளா, இல்லையா என்று. சொன்னாள். வீட்டில், துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். காலையில் பார்க்கிறேன் என்றேன், பார்க்கவில்லை. அது வாஸ்தவம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் அக்காவிடம் சொன்ன ஒரு விஷயத்தை, நாலு பேர் முன்னால் போய் அப்படியே சொல்லிவிடுவதா? நீங்களே சொல்லுங்கள், கூடப்பிறந்தவள் செய்கிற காரியமா அது?